கடன் தீர்த்தலும் வீடு தேடலும் முதுமை காத்தலும்



இல்லறம் நடத்துவோர் மனத்தில் மூன்று கவலைகள் ஒருங்கே குடியிருக்கின்றன. வாங்கிய கடனை அடைக்க வேண்டும். சொந்தமாக ஒரு வீடு வேண்டும். உழைக்க இயலாத காலத்தில் பிறர் கையை எதிர்பாராமல் வாழ வேண்டும். மூன்றும் நியாயமானவை. ஆனால் வருவாய் ஒன்றுதான். எதற்கு முதலில் கொடுப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று தெரியாமல் பல குடும்பங்கள் மூன்றையும் அரைகுறையாகச் செய்து, முடிவில் மூன்றிலும் குறைபடுகின்றன. இந்தப் பாடத்தை நாமும் தாமதமாகவே கற்றோம். அதை இளைய குடும்பங்களுக்குச் சொல்லிவைப்பது ஓய்வு பெற்ற ஆசிரியரின் கடமை என்று கருதி இதனை எழுதுகிறோம்.

நாம் செய்த பிழை

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த நாம், ஆசிரியர் பயிற்சி முடித்து, மணமானபின் திண்டுக்கல்லுக்கு வந்தோம். நாகல் நகரில் குடியேறினோம். சௌராட்டிர மொழி பேசும் நெசவாளர் நிறைந்த பகுதி அது. விடியுமுன்பே தறியின் ஓசை கேட்கும். நம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள்.

1978-ஆம் ஆண்டில் நாத்தனாரின் திருமணத்துக்காக 3,000 ரூபாய் கடன் வாங்க நேர்ந்தது. வட்டி, நூற்றுக்கு மாதம் மூன்று. மாதந்தோறும் 90 ரூபாயை வட்டியாகக் கட்டினோம். அதே நேரத்தில், ஒரு மனை வாங்க வேண்டும் என்ற ஆசையில், அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் மாதம் 50 ரூபாய் போட்டுவந்தோம். கடனும் தவறாமல் நடக்கிறது, சேமிப்பும் வளர்கிறது என்று நிறைவாகவே இருந்தோம்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. வட்டியாக மட்டும் 4,320 ரூபாய் கொடுத்திருந்தோம். அசல் 3,000 ரூபாய் ஒரு காசும் குறையாமல் அப்படியே நின்றது. அஞ்சலகத்தில் நாம் போட்டிருந்த தொகை 2,400 ரூபாய். வட்டியும் சேர்ந்து 2,500-ஐத் தாண்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிவட்டிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய நாம், நம் வீட்டு வட்டியை ஒருநாளும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

அந்நாளில் நம்மிடம் படித்த ஒரு மாணவனின் தாயார், ஒரு மாலையில் பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டு, "டீச்சரம்மா, பாவுல இழை அறுந்தா முதல்ல அதை முடியணும். முடியாம நாடாவை ஓட்டினா, ஓட்டின மட்டும் பழுதுதானே?" என்றார். நெசவு அறிந்த எவருக்கும் இது தெரிந்த செய்தி. அறுந்த இழையை விட்டுவிட்டு நெய்துகொண்டே போனால் துணி நீளும். ஆனால் அந்த நீளம் முழுவதும் பழுது ஓடியிருக்கும்.

மறுவாரமே அஞ்சலகப் பணத்தை எடுத்து அசலில் 2,500 ரூபாயைக் கட்டினோம். மீதி 500 ரூபாய்க்கு மாத வட்டி 15 ரூபாய்தான். முன்பு வட்டிக்கும் சேமிப்புக்குமாகப் போன 140 ரூபாயையும் மாதந்தோறும் அந்தக் கடனுக்கே கொடுத்தோம். நான்கே மாதத்தில் கடன் தீர்ந்தது. நான்கு ஆண்டுகளில் தீராதது நான்கு மாதத்தில் தீர்ந்தது என்றால், அதற்குக் காரணம் வருவாய் பெருகியதன்று, வரிசை மாறியதே.

நெசவாளர் தெருவின் மற்றொரு பாடம்

நமக்கு வழி சொன்ன அந்த அம்மையாருக்குத் தம் வழியைத் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லாமற் போயிற்று. அவர்கள் நெய்தது நெசவு முதலாளி ஒருவரிடம். நூலை அவர் கொடுப்பார்; நெய்த துணியை வாங்கிக்கொண்டு கூலி தருவார். நோய்க்கும் திருவிழாவுக்கும் வாங்கிய முன்பணம் 800 ரூபாயாகச் சேர்ந்திருந்தது. முன்பணத்துக்கு வட்டி என்று தனியே எழுதப்படுவதில்லை. ஆனால் அதை முழுவதும் திருப்பித் தராமல் வேறிடத்துக்கு நெய்யப் போகலாகாது. சொன்ன கூலிக்கே நெய்ய வேண்டும். குறைந்த கூலியே அந்தக் கடனின் வட்டி. அதை அடைப்பதற்காக அந்தப் பையனை எட்டாம் வகுப்போடு நிறுத்தித் தறியில் உட்கார வைத்தார்கள். நாம் இருமுறை அவர்கள் வீட்டுக்குச் சென்று பேசிப் பார்த்தோம். நம்மிடம் எடுத்துக் கட்ட ஓர் அஞ்சலகப் புத்தகம் இருந்தது. அவர்களிடம் அது இல்லை.

அந்த மாணவர் இன்று அறுபதை எட்டிவிட்டவர். முன்பணத்தை அடைத்தபின் தொடக்கக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்தார். தமிழ்நாட்டில் கூட்டுறவு நெசவாளர்க்கென ஒரு சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் உண்டு. நெசவாளர் பெறும் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்துவைக்கப்படும். அதனுடன் அரசு 4 காசு சேர்க்கும். நூறு ரூபாய் கூலிக்கு 12 ரூபாய் அவர் கணக்கில் ஏறும்.

அண்மையில் அவரைச் சந்தித்தபோது, "கையில் வந்திருந்தால் அந்த எட்டுக் காசும் செலவாகியிருக்கும், டீச்சர். வராததால் தங்கியது" என்றார். இரண்டு அறையுள்ள ஓட்டு வீடு அவருக்குச் சொந்தமாக இருக்கிறது. ஆனால் விட்டுப்போன படிப்பை எந்தச் சங்கமும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. கடன் எடுத்துக்கொள்வது பணத்தை மட்டுமன்று என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

தாய் சொன்னது ஒரு பாடம்: அறுந்த இழையை முதலில் முடி. மகன் சொன்னது மற்றொரு பாடம்: சிறு பங்கைக் கைக்கு வருமுன்பே ஒதுக்கு. இவ்விரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்பதே நாம் சொல்லவரும் முறை.

முதற்படி: வட்டியை ஆண்டுக் கணக்கில் எழுதுக

எல்லாக் கடனும் ஒரே தன்மையன அல்ல. 'மூன்று வட்டி' என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. 50,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 18,000 ரூபாய். அதே 50,000 ரூபாயை வங்கியில் 7 விழுக்காட்டுக்கு வைப்பாக வைத்தால் கிடைப்பது 3,500 ரூபாய். மூன்று வட்டிக் கடனை வைத்துக்கொண்டு வங்கியில் வைப்பு வைப்பவர் ஆண்டுக்கு 14,500 ரூபாயைக் கைநழுவ விடுகிறார்.

தண்டல் இன்னும் ஏமாற்றக்கூடியது. 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாயாக 100 நாளில் திருப்ப வேண்டும். பதினைந்து விழுக்காடுதானே என்று எண்ணக்கூடாது. நாள்தோறும் திருப்பிக்கொண்டே இருப்பதால், அந்த 8,500 ரூபாயும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. சராசரியாக அதில் பாதியளவே நம்மிடம் இருக்கிறது. அதையும் கணக்கிற்கொண்டால் வட்டி ஆண்டுக்கு நூறு விழுக்காட்டையும் கடந்துவிடுகிறது.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் முதலிய கொடிய வட்டி முறைகளைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்க அதில் இடமுண்டு. கடன்பட்டவர் அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

இரண்டாம் படி: கடுவட்டியை எளிய வட்டியாக மாற்றுக

கடனை ஒரேயடியாக அடைக்க இயலாவிட்டாலும் வட்டியைக் குறைக்க இயலும். இந்த எண்ணத்திலிருந்தே நம் நாட்டில் கூட்டுறவு இயக்கம் பிறந்தது. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த பிரெடரிக் நிக்கல்சன், ஐரோப்பாவில் உழவர்கள் ஒன்றுகூடி நடத்திய கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திரூரில் கடன் சங்கமும் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தொடங்கப்பட்டன. தனியாரிடம் கடுவட்டிக்குச் சிக்கிய மக்களை மீட்பதே நோக்கம்.

வீட்டில் பெட்டிக்குள் நகை இருக்க, வெளியில் மூன்று வட்டிக் கடனும் இருக்குமானால், அந்நகையை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ ஈடுவைத்துக் கடுவட்டிக் கடனை அடைப்பதே அறிவுடைமை. நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று கொண்டால், 36 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறங்குகிறோம். இதில் ஓர் எச்சரிக்கை: மாற்றிய பின் மீண்டும் தனியாரிடம் கை நீட்டினால் இரண்டு கடனும் சேர்ந்து நிற்கும்.

மூன்றாம் படி: எஞ்சும் தொகையை மூன்றாகப் பிரிக்க

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மாத வருவாய் 30,000 ரூபாய். வாடகை, உணவு, கல்வி, மருந்து முதலியவற்றுக்கு 21,000 ரூபாய். எஞ்சுவது 9,000 ரூபாய். மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் 60,000 ரூபாய். ஆண்டுக்கு 10 விழுக்காட்டு நகைக்கடன் ஓர் இலட்சம் ரூபாய்.

முதலில் முதுமைக்கு 500 ரூபாய். இது அந்த நெசவாளரின் எட்டுக் காசைப் போன்றது. எந்த மாதமும் நிறுத்தலாகாது. அடுத்து, எதிர்பாராத மருத்துவச் செலவுக்கு 500 ரூபாய். இது இல்லாவிட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்றே மறுபடியும் தண்டல்காரரைத் தேடுவோம். மீதி 8,000 ரூபாய் கடனுக்கு. அதில் நகைக்கடன் வட்டிக்கு ஏறத்தாழ 850 ரூபாயைக் கட்டிவிட்டு, 7,150 ரூபாயையும் மூன்று வட்டிக் கடனுக்கே செலுத்த வேண்டும். பத்தாவது மாதத்தில் அது தீர்ந்துவிடும். அம்மாதத்தில் 1,300 ரூபாய்க்குமேல் மிச்சமும் இருக்கும்.

அவ்வாறு செய்யாமல், மூன்று வட்டிக் கடனுக்கு மாத வட்டி 1,800 ரூபாயை மட்டும் கட்டி, மீதி 5,350 ரூபாயை வீட்டுக்கென 7 விழுக்காட்டில் சேமித்தால் என்ன ஆகும்? பத்தாவது மாதத்தில் சேமிப்பு ஏறத்தாழ 54,900 ரூபாய். கடனோ 60,000 ரூபாய். இரு முறைகளுக்கும் இடையில் பத்தே மாதத்தில் ஏறத்தாழ 6,400 ரூபாய் வேறுபாடு.

பிறகு 8,000 ரூபாயையும் நகைக்கடனுக்குத் திருப்பினால், 14 மாதத்தில் அதுவும் தீர்ந்து நகை வீடு வரும். ஆக, இரண்டே ஆண்டில் குடும்பம் கடனற்றதாகிறது.

இனிச் சொல்வதே இப்பாடத்தின் உயிர்நிலை. கடன் தீர்ந்த மறுமாதம் கையில் 8,000 ரூபாய் நிற்கும். "இத்தனை நாள் நெருக்கிப் பிழைத்தோம், இனிச் சற்று வசதியாக இருப்போம்" என்று மனம் சொல்லும். பெரும்பாலான குடும்பங்கள் வழுக்கி விழுவது இங்கேதான். அடைத்து முடித்த கடனின் தவணை அடுக்களைக்குத் திரும்பக்கூடாது. இரண்டாண்டு அது இல்லாமல் வாழப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கமே நம் முதல். அதில் 6,000 ரூபாயை வீட்டுக்கும், 2,000 ரூபாயை முதுமைக்கும் வைத்தால், ஐந்தாண்டில் வீட்டுக்கென 3,60,000 ரூபாயும் அதன் வட்டியும் சேரும். முதுமைக்கான மாதச் சேமிப்பு 500-லிருந்து 2,500 ரூபாயாக உயரும்.

வீடு

வீட்டின் முழு விலைக்கும் வங்கி கடன் தராது. குறைந்தது பத்தில் ஒரு பங்காவது நம் கையிலிருந்து வர வேண்டும். விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் தனி. இதை மறந்து கடைசி நேரத்தில் கைமாற்று வாங்குவோர் பலர். 2025 ஏப்ரல் முதல், 10 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கிப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைக்கப்பட்டுள்ளது. முன்பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பார்த்துக்கொள்ளல் இன்றியமையாதது.

வீட்டுக் கடனிலும் முதற்பாடம் பொருந்தும். 10 இலட்சம் ரூபாயை 9 விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,997 ரூபாய். மொத்தத்தில் 21 இலட்சத்து 59 ஆயிரம் ரூபாய் செலுத்துவோம். மாதம் 1,146 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 15 ஆண்டில் முடிந்துவிடும். மிச்சம் 3 இலட்சத்து 33 ஆயிரம் ரூபாய். மாறும் வட்டியில் தனியாள் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் தண்டக் கட்டணம் வசூலிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. இதை அறிந்து பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பெரிய வீடு என்பதும் எண்ணத்தக்கது. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவதான மிகுபொருள் விரும்பாமை, பொருளே கூடாதென்று சொல்லவில்லை. இவ்வளவு போதும் என்று நாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. மனை பார்க்கப் போகுமுன்பே இத்தனை அறை, இத்தனை ரூபாய் என்று எழுதி வைத்துக்கொண்ட குடும்பம், தரகரின் பேச்சில் மயங்குவதில்லை. நாமும் அவ்வாறே எழுதி வைத்தோம். நம் வீடு சிறியது. ஓய்வு பெற்ற நாளில் அதன்மேல் ஒரு ரூபாய் கடனும் இல்லை.

முதுமை

வீடு கட்ட வங்கி கடன் தரும். பிள்ளை படிக்கவும் தரும். வருவாய் நின்றுபோன முதியவருக்கு அன்றாடச் சோற்றுக்கு யார் கடன் தருவார்? கடுவட்டிக் கடன் இருக்கும்போதும் முதுமைக்கான சிறு பங்கை நிறுத்தலாகாது என்று நாம் சொல்வது இதனாலேயே. காலம் செய்யும் வேலையைப் பிற்காலத்தில் பணத்தால் ஈடுசெய்ய முடியாது. மாதம் 1,000 ரூபாயை 7 விழுக்காட்டில் முப்பது வயது முதல் அறுபது வரை சேர்ப்பவருக்கு ஏறத்தாழ 12 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். நாற்பதில் தொடங்குபவருக்கு 5 இலட்சத்து 20 ஆயிரமே. முன்னவர் கூடுதலாகப் போட்டது 1,20,000 ரூபாய். கூடுதலாகப் பெறுவது 7 இலட்சம்.

நம் தலைமுறை ஆசிரியருக்கு ஓய்வூதியம் இருந்தது. வருங்கால வைப்புநிதியைச் சம்பளத்திலேயே பிடித்தார்கள். அதனால் நம் தவறுகள் பலவும் மறைந்தன. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். சிறுகடை நடத்துவோர்க்கும் உழவர்க்கும் தனியார் நிறுவனங்களில் பணியாற்றும் பலர்க்கும் ஓய்வூதியம் தானாக வருவதில்லை. அவர்களே தமக்கு எட்டுக் காசு பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழிகள் உள்ளன. 2009-ஆம் ஆண்டு முதல் தேசிய ஓய்வூதியத் திட்டம் பொதுமக்கள் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குட்பட்டோர் சேரலாம். வருமான வரி செலுத்துவோர்க்கு 2022 அக்டோபர் முதல் அதில் இடமில்லை. அறுபது வயதுக்குமேல் மாதம் 5,000 ரூபாய் பெற, பதினெட்டில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்ட வேண்டும். நாற்பதில் சேர்பவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். காலம் தாழ்த்துவதன் விலையை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

வீட்டுப் பாடம்

ஆசிரியர் பழக்கம் விடுவதில்லை. ஆகவே வீட்டுப் பாடம் தருகிறோம். இம்மாதம் ஒரு மாலையில், கணவனும் மனைவியும், விவரமறிந்த பிள்ளைகளும் சேர்ந்து அமர்ந்து பின்வருவனவற்றை ஒரு நோட்டில் எழுதுக.

1. ஒவ்வொரு கடனுக்கும் இன்று நிற்கும் அசல் எவ்வளவு? ஆண்டு வட்டி எத்தனை விழுக்காடு? கைமாற்றையும் முன்பணத்தையும் மறைக்காமல் எழுதுக.

2. அவற்றுள் வட்டி மிகுந்தது எது? அதைக் குறைந்த வட்டிக்கு மாற்ற வழியுண்டா?

3. முதுமைக்கென மாதத்தில் எந்தத் தேதியில், எந்தக் கணக்கில், எவ்வளவு ஒதுங்குகிறது? ஒன்றும் இல்லையெனில் நூறு ரூபாயிலேனும் தொடங்குக.

4. இப்போதைய கடன் தீரும் மாதம் எது? அதன் தவணைத்தொகை மறுமாதம் எங்கே போக வேண்டும்? இதை இன்றே எழுதிவைக்க.

நான்காவது வினாவே கடினமானது. கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் அதை எவரும் எழுதுவதில்லை. நெருக்கடி இருக்கும்போதே எழுதி வைத்தவர்களுக்கு அது நிலைக்கிறது.

பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு எழுதச் சொல்வதற்கும் காரணமுண்டு. 800 ரூபாய்க்காக எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பையனை நாம் கண்டிருக்கிறோம். இந்தக் கணக்கு அன்று அந்த வீட்டில் யாருக்கேனும் தெரிந்திருந்தாலும், கையில் சிறுதொகையும் அருகில் ஒரு சங்கமும் இல்லாமல் அவர்களால் மீண்டிருக்க முடியாது. இன்று நம்மில் பலர்க்கு வங்கியும் சங்கமும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. கணக்கைக் கற்க வேண்டியதுதான் பாக்கி.

நலம் பெருகுக.